மூலை பிடிப்பவள்

அத்தியாயம் 17

“அந்தப் பள்ளிக்கூடத்திலை அஞ்சாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறது நீயில்லை, தங்கச்சி. என்ரை மகள்! அதுவும் வாயைத் திறக்காமல்!”

காலை ஆறரை மணிக்குக் குருநகர்க் கடற்கரையில் நின்று லெனாட் இதைச் சொன்னபோது, நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். வள்ளத்து விளிம்பில் இருந்த காகமும் சிரித்தது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் அது வாயைப் பிளந்தது பிளந்ததுதான்.

சிரிக்காமல் என்ன செய்வது? லெனாட் லேசுப்பட்ட ஆளா? கலவாய் மீனின் வயிற்றுக்குள் தன்னுடைய இடதுகால் செருப்பைக் கண்டெடுத்தவர். வலதுகால் செருப்பையும் தேடிக்கொண்டு வரட்டும் என்று அந்த மீனைத் திரும்பவும் கடலில் விட்டவர். இன்னும் வரவில்லையாம், பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, புத்தகப் பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்து நின்ற லவீனா. பத்து வயது. மற்றவள், ஸ்கூட்டியில் ஒரு காலை ஊன்றி, தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருந்த றஜனி. லெனாட்டின் ஒரே தங்கச்சி, லவீனாவின் மாமி. பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் அஞ்சாம் வகுப்பு ரீச்சர். அந்த வகுப்பில்தான் லவீனாவும் படிக்கிறாள்.

போன வாரம் இந்த வீட்டில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஆறு மாதமாக லவீனா வகுப்பில் வாய் திறப்பதில்லை. அவளை வேறொரு பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி அலகுக்கு அனுப்பலாம் என்று றஜனி ஒரு படிவம் நிரப்பினாள். லெனாட் அதை எட்டாகக் கிழித்துக் கடலில் போட்டார். றஜனி இரண்டாவது படிவம் நிரப்பினாள். அதில் லவீனாவின் தாய் ஸ்ரெல்லா, புருசனுக்குத் தெரியாமல், குசினிக்குள் நின்று கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். விசயம் வெளித்த நாள்தொட்டு அந்த வீட்டில் சட்டி பானைதான் ஒன்றோடொன்று கதைக்கிறது.

அந்தப் படிவம் இப்போது றஜனியின் கைப்பையில் இருந்தது. இன்றைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து பொன்னம்பலம் ஐயா வருகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் சரி.

“அண்ணை, பகிடியை விடுங்கோ. குழுவிலை விட்டால் உவள் தாளின்ரை மூலையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். அவ்வளவுதான் உவளின்ரை வேலை.”

“மறுமொழி முழுக்க உவள் குடுக்கிறது. கோபிகா எண்டவள் வாசிக்கிறது. மற்றக் குழுக்கள் அதைப் பாத்து எழுதுறது. இப்ப சொல்லு, ஆர் ரீச்சர்?”

“கோபிகாவுக்கு உவள் மறுமொழி குடுக்கிறாளோ? செருப்புக் கதையை நம்பினாலும் நம்புவன், உதை நம்பமாட்டன்.”

“நம்பாதை. என்ரை வாயிலை வந்தால் உண்மையும் பொய்யாப் போகும் எண்டு எனக்குத் தெரியாதே?”

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வலைக்குள் திரும்பிய விரல்கள் கொஞ்சநேரம் சும்மா கிடந்தன.

ஸ்கூட்டி புறப்பட்டது. சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது.

“அப்பா சொன்னது உண்மையோடி?”

பின்னால் சத்தமில்லை.

“இல்லையெண்டால் இல்லையெண்டாவது சொல்லன்.”

பள்ளிக்கூட வாசலுக்கு முந்திய வளைவு வந்ததும் றஜனியின் முதுகில் ஒரு விரல் மெல்லத் தட்டியது. தினமும் தட்டும் விரல்தான். லவீனா அங்கே இறங்கி, மாமி உள்ளே போய்ச் சேரும்வரை மதிலோரம் நின்று, பிறகுதான் நடந்து வருவாள். பிள்ளைக்குக் கூச்சம் என்று றஜனி எண்ணியிருந்தாள்.

அதிபரின் அறையில் பொன்னம்பலம் ஐயா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். றஜனி படிவத்தை நீட்டினாள். ‘குழுச் செயற்பாட்டில் பங்களிப்பு எதுவும் இல்லை’ என்ற வரியை அவர் வாசித்தார். தலையாட்டினார். தன் கபில நிறக் கோவைக்குள் அதை வைத்துக் கட்டினார்.

“உங்கடை சொந்தக்காரப் பிள்ளையெண்டு அதிபர் சொன்னார். உண்மையை எழுதியிருக்கிறியள். எல்லாராலையும் ஏலாது.”

அந்தப் பாராட்டு றஜனியின் நெஞ்சில் குளிர்ச்சியாக இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை. எங்கோ பாதியில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டு நின்றது.

கோபிகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இணுவிலிலிருந்து தகப்பனின் காரில் வருகிறவள். அவள் தும்மினால் ஆறு லேஞ்சிகள் நீளும். அவள் இடது பக்கம் உச்சி பிரித்த திங்கட்கிழமைக்கு மறுநாள், வகுப்பில் பதினாறு பெண்பிள்ளைகளுக்கும் உச்சி இடது பக்கம் நகர்ந்திருந்தது. கெட்ட பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. கொண்டுவரும் றோல்ஸைப் பிய்த்துப் பிய்த்துக் கடைசியில் தனக்கு ஒரு துண்டும் இல்லாமல் இருக்கிறவள். பிள்ளைகள் அவளைச் சுற்றுவதற்குக் காரணம் இருந்தது.

தவணைத் தொடக்கத்தில், “விருப்பமானவையோடை சேர்ந்து குழுவாயிருங்கோ” என்று றஜனி சொன்னபோது வகுப்பில் பாதி கோபிகாவின் மேசைக்கு ஓடியது. மற்றப் பாதி தங்களுக்குள் சேர்ந்தது. நடுவில் லவீனா மட்டும் கதிரையோடு மிஞ்சினாள். றஜனிதான் எல்லாரையும் நாலு நாலு பேராகப் பிரித்துவிட்டு, அவளைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் கோபிகாவின் குழுவில் இருத்தினாள். நல்ல பிள்ளைகளோடு இருந்தால் நாலு சொல்லுக் கதைப்பாள் என்ற எண்ணம்.

இன்றைக்குச் சுற்றாடல் பாடம். கடலோர உயிர்களைப் பற்றி அஞ்சு கேள்விகள். குழுவுக்கு மேசையளவு பெரிய டிமை தாள் ஒன்று, ஒரு மார்க்கர். மார்க்கர் தலைவரின் கையில். யன்னலால் வந்த காற்றுக்குத் தாள்கள் எழும்பிப் பறந்தன. நாலு பேர் குழுவில் நாலாவது ஆளான லவீனா வழமைபோல வலது கீழ் மூலையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள்.

றஜனி தூரத்தில் நின்று பார்த்தாள். காலையில் அண்ணன் சொன்னது காதுக்குள் இலையான் மாதிரி இரைந்து சுற்றியது.

“நண்டு ஏன் கோது கழட்டுது?” என்று கேள்வியை வாசித்தான் சிவகரன். “வெக்கையாலை!”

கோபிகாவும் சயந்தனும் சிரித்தார்கள். பிறகு மூன்று தலைகளும் தாளின்மேல் குனிந்தன. கொஞ்சநேரம் அப்படியே இருந்தன.

“வளர்ந்தா உடம்புக்குப் பழைய கோது காணாது. அதாலை கழட்டுது,” என்றாள் கோபிகா.

“எப்பிடி கோபி உனக்கு உதெல்லாம் தெரியும்!” என்றான் சயந்தன். பக்கத்துக் குழு எட்டிப் பார்த்து அப்படியே எழுதியது. அதற்குப் பக்கத்துக் குழு அதைப் பார்த்து எழுதியது. ஒரு நிமிடத்தில் அந்த மறுமொழி வகுப்பைச் சுற்றிக் கதவடிக்கு வந்துவிட்டது.

லவீனாவின் கை மூலையிலேயே இருந்தது. அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் வாய் அசையவில்லை. அண்ணையின்ரை புளுகு என்று றஜனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொன்னம்பலம் ஐயாவும் அதிபரும் உள்ளே வந்து கதிரைகளில் இருந்தார்கள். கோபிகா தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். முதலாவது சரி. இரண்டாவது சரி. பொன்னம்பலம் ஐயா அதிபரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“மூன்றாவது கேள்வி. திருக்கை மீன் ஏன் மணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொள்கிறது?” கோபிகாவின் குரல் கோயில் மணிபோலக் கணீரென்றது. “தன்னுடைய வாலைக் கண்டு தானே பயப்படுவதால்.”

வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரிப்பதென்ன, மற்றக் குழுக்களின் தாள்களிலும் அதுவேதான் பெரிய எழுத்தில் இருந்தது. கோபிகா சொன்னால் கடல் தித்திக்கும் என்றும் எழுதுவார்கள்.

றஜனியின் கையிலிருந்த வெண்கட்டி விழுந்து உடைந்தது.

ஏனென்றால் அந்த மறுமொழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது லெனாட்டின் பொய். அப்போது றஜனிக்கு ஆறு வயது, லெனாட்டுக்குப் பத்து. கடற்கரையில் பிடிபட்டுக் கிடந்த திருக்கையைக் கண்டு அவள் வீரிட்டு அழ, “அழாதை, உது உன்னைவிடப் பயந்தது. தன்ரை வாலுக்குப் பயந்துதான் மண்ணுக்குள்ளை ஒளிக்கிறது” என்று அவன் சொல்லித் தேற்றினான். அதை நம்பி, சோதனைத் தாளிலும் எழுதி, கையில் ரெண்டு அடியும் வாங்கியவள் றஜனி. வெட்கத்தில் வேறு ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அடித்த வாத்தியாரை விட்டால், உலகத்தில் அந்தப் பொய் தெரிந்தவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டும். லெனாட் தன் மகளுக்கும் சொல்லியிருந்தால் மூன்று பேர்.

இணுவில் கோபிகாவின் வாய்க்குள் அது எப்படி வந்தது?

பொன்னம்பலம் ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். “வாலுக்குப் பயந்தோ! உதை ஆர் பிள்ளை சொன்னது?”

கோபிகாவின் முகம் சிவந்தது. பிறந்த நாள் முதல் அவளைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சிரித்ததில்லை.

“லவீனா சொன்னவ, சேர்.”

“ஓம் சேர், லவீனாதான்,” என்றான் சிவகரன்.

“லவீனா, சேர்!” என்றான் சயந்தன்.

மறுகணம் முப்பது விரல்கள் கடைசி வரிசையைக் காட்டின. ஆறு மாதத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகளின் வாயில் லவீனா என்ற பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. பெயர் கிடைத்ததும் சிரிக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. தங்கள் தாளிலும் அதையே எழுதி வைத்திருந்தவர்கள்தான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

லவீனா எழுந்து நின்றாள். அழவில்லை. வகுப்பைப் பார்க்கவில்லை. றஜனியை மட்டும் பார்த்தாள்.

பொன்னம்பலம் ஐயா றஜனியின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “உவவோ அந்தப் படிவத்துப் பிள்ளை?”

றஜனியின் தலை தன்பாட்டில் ஆடியது.

“சரியாத்தான் எழுதியிருக்கிறியள்.”

பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பில் காற்று மட்டும் இருந்தது. றஜனி அலுமாரியின் மேலிருந்து பழைய டிமை தாள்களை இறக்கினாள். கோபிகாவின் குழு எழுதியவை. ஒன்பது வாரத்துத் தாள்கள். ஒவ்வொன்றாக விரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தாள் கறுத்து, தேய்ந்து கிடந்தது. பென்சிலால் எழுதி அழிறப்பரால் அழித்த இடம். சரியாக அழிபடவில்லை. ‘வேர் தண்ணியை உறிஞ்சும்.’ ‘வாடைக்காற்றுத்தான் மழை கொண்டுவரும்.’ பொடி எழுத்து. சுழி நீண்ட ழகரம். அந்த ழகரத்தை லவீனாவுக்கு எழுதப் பழக்கியவளே றஜனிதான். மூலையில் பென்சிலில் இருந்த அதே வசனங்கள் நடுவில் மார்க்கரில் கொட்டையாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், ‘மிக நன்று, கோபிகா குழு.’ அதுவும் றஜனியின் கையெழுத்துத்தான்.

கதவடியில் லவீனா நின்றாள்.

“இதெல்லாம் நீயோ?”

தலையாட்டினாள்.

“அவை உன்னட்டைக் கேக்கிறவையோ?”

“இல்லை, மாமி. நான் எழுதுவன். அவை பாப்பினம்.”

பள்ளிக்கூடத்துக்குள் மாமி என்று கூப்பிடக்கூடாது, ரீச்சர் என்றுதான் சொல்லவேண்டும் என்பது றஜனி போட்ட சட்டம். இன்றைக்கு அவள் திருத்தவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இந்தக் கட்டிடத்துக்குள் கேட்கும் குரல்.

“திருக்கை ஏனடி மண்ணுக்குள்ளை கிடக்குது?”

“பெரிய மீன் காணாமல் இருக்க. பிறகு, சின்னன்கள் கிட்ட வந்தாப் பிடிக்கவும்.”

“தெரிஞ்சுகொண்டோ பிழையா எழுதினனி?”

“ஓம்.”

“ஏன்?”

“சரியா எழுதினா, ஆர் சொன்னதெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், மாமி.”

றஜனி பிள்ளைகளின் சின்னக் கதிரையொன்றில் இருந்தாள். கால் மடங்கவில்லை. அப்படியே இருந்தாள்.

“முப்பது பேருக்கு முன்னாலை அவமானப்பட்டு நிண்டியே!”

“அது உங்களுக்கு எழுதினது. அப்பா அந்தக் கதை சொல்லேக்கை, றஜனிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் எண்டவர். நான் போக முந்தி ஒருக்கா, மறுமொழி ஆர் எழுதுறதெண்டு உங்களுக்குத் தெரியட்டும் எண்டுதான்.”

“வாயாலை சொல்லியிருக்கலாம்தானே? மாசி மாசம்வரைக்கும் நீ கதைச்சனி. வகுப்பிலையே உன்ரை சத்தம்தான் கூட.”

லவீனா பையின் பட்டியைச் சுற்றிச் சுற்றி விட்டாள்.

“வீட்டை தேத்தண்ணி குடிக்கேக்கை நீங்கள் கேட்டனீங்கள், வகுப்புக்கு ஆர் ஃபோன் கொண்டுவந்ததெண்டு. நான் சொன்னன். நீங்கள் அடுத்தநாள் கோபிகாவை எழுப்பி விட்டு, அவவின்ரை அம்மாவையும் கூப்பிட்டனீங்கள். அவ அழுதவ. எனக்குத்தான் மாமி வீட்டிலை இருக்கிறா எண்டு எல்லாருக்கும் தெரியும். அண்டையிலையிருந்து என்னோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை.”

அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

றஜனிக்கு அந்தத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. ஏலக்காய் போட்டு, லவீனாவின் தலையைத் தடவி, இதமாகத்தான் கேட்டாள். வளைவில் முதுகைத் தட்டும் விரலும் ஞாபகம் வந்தது. கூச்சம் என்று நினைத்தாளே! ரீச்சரின் ஸ்கூட்டியிலிருந்து இறங்குவதை மற்றப் பிள்ளைகள் காணாமல் இருக்கத்தான் அந்தத் தட்டு.

அவள் எழுந்து அதிபரின் அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓட்டம்தான். சேலைத் தலைப்பு பின்னால் பாய்மரம் போல விரிந்தது. அறை பூட்டியிருந்தது. பொன்னம்பலம் ஐயா மத்தியானமே கிளம்பிவிட்டார். கபிலக் கோவையும் அவரோடு போய்விட்டது. அவருடைய தொலைபேசி அடித்தடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை காலை கல்வி அலுவலகத்தில் கூட்டம். அதில் விசேட அலகுக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்கள் வாசிக்கப்படும்.

“திங்களுக்கு முந்தி அந்தப் படிவத்தை நான் எடுத்துப்போடுவன்,” என்றாள் மூச்சு வாங்க.

பின்னால் வந்து நின்ற லவீனா தலையை அசைத்தாள்.

“எடுக்காதேங்கோ, மாமி. நான் அங்கை போறன். அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது.”

வாசலில் ஒரு கார் இன்னும் நின்றது. பின் கண்ணாடி இறங்கியிருந்தது. கோபிகா லவீனாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். கார் நகர்ந்துவிட்டது.

குருநகரில் காற்று இன்னும் அடங்கவில்லை. வலையைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்த லெனாட் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். காலையில் சிரித்த பதினொரு பேரில் நாலைந்து பேர் அங்கேதான் இருந்தார்கள்.

“வாங்கோ ரீச்சர்! என்ன, படிவம் போட்டுதோ? இல்லை, அதையும் கலவாய் விழுங்கிப்போட்டுதோ?”

நாலைந்து பேரும் சிரிக்க ஆயத்தமானார்கள்.

றஜனி தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகத்தில் புழுதி கோடு கோடாகக் கரைந்திருந்தது. லவீனா வளைவில் இறங்குகிறவள் போலவே சத்தமில்லாமல் இறங்கி, இருவரையும் கடந்து வீட்டுக்குள் போனாள்.

லெனாட்டின் கையிலிருந்த வலை நழுவியது. மகளின் கெட்டித்தனத்தைத்தான் அவர் இத்தனை நாளும் கடற்கரை முழுக்க முழங்கினார். அதற்குள் இருந்த தனிமையை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது தங்கையின் முகத்தில் அதைக் கண்டார்.

“நான் சும்மா புளுகினனான் எண்டு சொல்லு, றஜனி,” என்றார் மெதுவாக. “நீ சொன்னா நான் நம்புவன்.”

“இல்லை அண்ணை. அஞ்சாம் வகுப்புக்குப் படிப்பிச்சது நானில்லை. உங்கடை மகள்தான்.” அவள் லவீனா போன வாசலைப் பார்த்தாள். “அதுவும் வாயைத் திறக்காமல்.”